முதல் கழுவுத் தண்ணீர்

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எங்கள் பேக்டரியின் வரவேற்பறையில் பச்சை நிறத்தில் ஒரு பலகை தொங்குகிறது. கழிவுநீரைக் குறைப்பதில் நாங்கள்தான் முன்னோடி என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே மேனேஜர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிக்கிற படத்தையும் ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகையில் அவர் பெயர் இல்லை. அங்கே இல்லாத பெயர் இங்கே இருந்து மட்டும் என்ன ஆகப்போகிறது? அக்கா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். கணக்குப் பார்த்தால் என்னைவிட மூன்று வயது இளையவர். ஆனாலும் பேக்டரியில் அவரை அக்கா என்று கூப்பிடாதவர் கிடையாது. மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார், கோபம் இல்லாத நாட்களில்.

அக்காவை நினைத்தால் எனக்கு முகம் பிறகுதான் வரும். முதலில் வருவது ஒரு கேள்வி. "எங்க போவுது?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். ராசா என்ற ஊரிலிருந்து பழைய காரில் வந்து இறங்கி, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, லேப் முழுக்க எனக்கே எழுதிவைத்த மாதிரி ஒரு மிதப்பில் இருந்தேன். சோதித்து முடித்த மிச்சத்தைக் கழுவு தொட்டியில் ஊற்றினேன். பின்னால் ஒரு குரல்.

"எங்க போவுது அது?"

திரும்பினேன். நீளக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. அரைக்கும் மில்லைக் கழுவுகிற வேலையில் இருப்பவர் என்று பார்த்தாலே தெரிந்தது.

"எது?"

"இப்ப ஊத்துனீங்களே, அது."

"கழிவுக் குளத்துக்குப் போகும்."

"அப்பறம்?"

"சுத்தம் பண்ணி வெளியில ஓடுற லோங்காங் வாய்க்கால்ல விடுவாங்க."

"லோங்காங்லேருந்து?"

"ஆத்துக்கு."

"ஆத்துலேருந்து?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "கடலுக்குப் போகும். போதுமா?"

"போதாது லா. கடலுக்கு முன்னால எங்க வீடு இருக்கு."

சொல்லிவிட்டு என் சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்தார். என் தாத்தா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் என்று அதற்குள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். "கிராணி வீட்டுப் புள்ள. எழுதத்தான் தெரியும்போல" என்றார். அன்று முதல் நான் அவருக்குக் கிராணி. என்னை ஒருநாளும் 'நீ' என்று பேசியதில்லை. வாங்க போங்க என்று மரியாதையாகச் சொல்லியே தோலை உரிப்பார்.

அவர் சொன்ன வீடு நிஜம். பேக்டரி இருப்பது போர்டிக்சன் சாலையிலிருந்து உள்ளே விலகிய ஒரு தோட்டத்தின் ஓரத்தில். முன்பு ரப்பர் மரங்கள் நின்ற இடம், இப்போது செம்பனை. மரத்தை மாற்றியவர்கள் ஆட்களையும் மாற்றிவிட்டார்கள். மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பங்கள் பல தாமான் குடியிருப்புகளுக்குப் போய்விட்டன. தருவதாகச் சொன்ன வீட்டுக்காகக் காத்துக்கொண்டு ஒரு வரிசை லயத்து வீடுகளில் பதினோரு குடும்பங்கள் மட்டும் இருந்தன. அதில் அக்காவின் குடும்பமும் ஒன்று. லயத்தின் பின்னால் ஆறு. ஆறு என்பது மரியாதைக்குச் சொல்வது, தாண்டிக் குதிக்கலாம். அதன் கரையில் கங்கோங் கீரையும் பயற்றங்காயும் போட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீர் நிற்கிற நாளில் துணி துவைப்பதும் குளிப்பதும் அங்கேதான். எங்கள் பேக்டரித் தண்ணீர் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

பேக்டரியில் நாங்கள் செய்வது கையுறைக் கம்பெனிகளுக்கு வேண்டிய ரசாயனக் கலவை. துத்தநாகப் பொடி, கந்தகப் பொடி, இன்னும் சில பொடிகள். தண்ணீரோடு சேர்த்து மில்லில் இரவு பகலாக அரைத்தால் கெட்டியான குழம்பாக வரும். துத்தநாகக் குழம்பு பார்ப்பதற்கு அசல் ரப்பர் பால் மாதிரியே இருக்கும். ஒன்றை அரைத்துவிட்டு இன்னொன்றை அரைக்க வேண்டுமானால் மில்லைக் கழுவ வேண்டும். குழாயைத் திறந்துவிட்டு அடி அடி என்று அடிப்போம். வெள்ளை வெள்ளையாக முதல் குளத்துக்கு ஓடும். அடுத்த குளத்தில் மருந்து போட்டு, வண்டலை அடியில் உட்காரவைத்து, மேல் தண்ணீரை லோங்காங்கில் விட வேண்டும் என்பது சட்டம். சட்டப்படி நடக்கத்தான் குளம். குளம் நிரம்பினால் நடக்க ஒரு சிவப்பு வால்வும் இருந்தது. அதைத் திறந்தால் முதல் குளத்துத் தண்ணீர் எந்த மருந்தும் பார்க்காமல் நேரே லோங்காங்குக்குப் போய்விடும். எப்போதோ அவசரத்துக்கு என்று வைத்தது. அவசரம் என்பது அடிக்கடி வந்தது.

அக்காவின் கேள்வி பேக்டரியோடு நிற்கவில்லை. அவர் போகிற தேவாலயத்தில் திருவிழா விருந்துக்கு என்னையும் ஒருமுறை கூப்பிட்டிருந்தார். சாப்பாடு முடிந்து, அப்பளம் பொரித்த எண்ணெய்ச் சட்டியை இரண்டு ஆண்கள் லோங்காங்கை நோக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா இலையைப் போட்டுவிட்டு எச்சில் கையோடு குறுக்கே போய் நின்றார். "எங்க போவுது?" ஃபாதர் சிரித்துக்கொண்டே வந்தார். "விடுங்கம்மா, நல்ல நாளும் அதுவுமா."

"நல்ல நாள்னா எண்ணெ கரைஞ்சி போயிடுமா ஃபாதர்? நீங்களுந்தான் பாவத்தக் கழுவுறோம், கழுவுறோம்னு சொல்றீங்க. கழுவுனது எங்க போவுதுன்னு ஒருநாளாச்சும் சொன்னீங்களா?"

எண்ணெயை டின்னில் ஊற்றி, மோட்டார் சைக்கிளில் முன்னால் வைத்துக்கொண்டு, பழைய எண்ணெய் வாங்குகிற கடைக்கு அக்காவே கொண்டுபோனார். அப்படிப்பட்டவரோடு சேர்ந்து இருப்பது சுகமான காரியம் அல்ல. வீட்டில் நான் மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டும்போதுகூட முதுகுப்பக்கம் அவர் நிற்கிற மாதிரி இருக்கும். சில நாட்கள் அவரைக் கண்டால் கழிவறைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவர் சும்மா கேள்வி கேட்டுக்கொண்டு மட்டும் நிற்கிற ஆள் இல்லை. ஒருநாள் மேனேஜர் மில் பக்கம் வந்தபோது, கழுவிக்கொண்டிருந்த குழாயை மூடிவிட்டு அவர் முன்னால் போய் நின்றார். மேனேஜர் ஈப்போக்காரர், தமிழர்தான். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம், அப்படியும் இல்லை. மேலே இருப்பவர்கள் கேட்கிற எண்ணிக்கையைக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"சார், பால் ஸ்டோர்ல நாங்க வாளி கழுவுன தண்ணியக் கொட்ட மாட்டோம்" என்றார் அக்கா.

"எந்த பால் ஸ்டோர்?"

"தோட்டத்துல. பால நிறுத்து ஊத்திட்டு, வாளியில கொஞ்சமாத் தண்ணி வுட்டு அலசி, அதுக்குன்னு இருக்குற தொட்டியில ஊத்தணும். கொட்டுனா வேல வாங்குற மண்டோர் கொன்னுடுவாரு. அந்தத் தண்ணியில எசிட் போட்டு ஒறைய வெச்சி, அதயும் ஷீட்டா எடுப்பாங்க. மட்ட ரகந்தான். ஆனா கழுவுன பாலும் பாலுதான். இங்க நம்ம மொதக் கழுவு எம்புட்டு வெள்ளையாப் போவுது, பாருங்க. அது சரக்கு சார். நாளைக்கி இதே சரக்கு அரைக்கறப்ப, தண்ணிக்கிப் பதிலா இத ஊத்துனா என்னா?"

மேனேஜர் சிரித்தார். "தோட்டத்து வேல வேற, இது வேற அக்கா."

சிரித்தவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அக்காவுக்கு அது போதும். மறுநாளே நான்கு நீலப் பீப்பாய்த் தோம்புகளை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார். முதல் கழுவுக்கு மட்டும் குழாயைச் சிறிதாகத் திறந்து, அந்தத் தண்ணீரைத் தோம்பில் பிடித்து, துத்தநாகம் எது, கந்தகம் எது என்று சாக்கட்டியில் எழுதிவைத்தார். சனிக்கிழமை என்னிடம் ஒரு பாட்டிலில் கொண்டுவந்தார். நான் அதை அடுப்பில் காயவைத்து நிறுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அது எங்கள் சரக்கேதான், தண்ணீர் கூடிய சரக்கு. இவ்வளவு பொடி இருக்கிறது என்று அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுத்தேன். கிராணிக்கு எழுதச் சொல்லியா தர வேண்டும்?

செவ்வாய்க்கிழமை அந்தத் தண்ணீரைப் புதுச் சரக்கில் ஊற்றினார்கள். நான் எழுதிய அளவை நம்பி, அதற்குத் தக்கபடி பொடியைக் குறைத்துப் போட்டார்கள். சரக்கு நீர்த்துப்போனது. கையுறைக் கம்பெனி லோரியோடு திருப்பி அனுப்பிவிட்டது.

என்ன நடந்தது என்று தோம்பைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அடியில் பொடி பாறையாக உறைந்து உட்கார்ந்திருந்தது. அக்கா மேல் தண்ணீரை மட்டும் வாளியில் மொண்டு ஊற்றியிருக்கிறார். ரப்பர் பால் அப்படி அடியில் உட்காராது. எசிட் போடுகிறவரை மேலும் கீழும் ஒரே பாலாகத்தான் இருக்கும். பால் தொட்டியைப் பார்த்து வளர்ந்தவருக்கு, வெள்ளையாக இருக்கிற ஒன்று மூன்று நாளில் பிரிந்து அடியில் போய் உட்காரும் என்பது தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்கு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். சனிக்கிழமை சோதித்ததைச் செவ்வாய்க்கிழமை ஊற்றப்போகிறார்கள், நன்றாகக் கலக்கிவிட்டு ஊற்றுங்கள் என்று ஒரு வரி எழுதவில்லை நான்.

மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினார். "தோட்டத்துப் புத்திய இங்க கொண்டாந்தா இப்படித்தான் ஆகும்!"

"பாலு உக்காராது சார். இது உக்காருது. எனக்குத் தெரியல. தப்பு என்னோடது" என்றார் அக்கா. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "கலக்கிக்கிட்டே இருக்குற மாரி ஒரு மோட்டாரு வெச்சா உக்காராது."

"ஒன்னும் வேணாம். தோம்பத் தூக்கி எறிங்க."

தப்பில் பாதி என்னுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். என் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வரும்போது அக்கா என் பக்கத்தில் நடந்துவந்து, "ஏன் கிராணி, வாய எங்கயாச்சும் அடகு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தோம்புகளையும் எறியவில்லை, கொட்டகைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்தார்.

தோம்பு போனதும் பழையபடி குளம் நிரம்பியது. ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயிலில், மேனேஜர் சிவப்பு வால்வைத் திறக்கச் சொன்னார். அக்கா அன்று லீவு. வால்வைத் திறக்கும்போதெல்லாம் எழுத வேண்டிய குளத்துப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார்கள். காரணம் என்ற இடத்தில் 'கனமழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

திங்கட்கிழமை காலையில் நான் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா லேப்புக்குள் வந்தார். மேசைமேல் ஒரு பாட்டிலை வைத்தார். உள்ளே வெள்ளைத் தண்ணீர். பக்கத்தில் ஒரு பிடி கங்கோங் கீரை. தண்டெல்லாம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி இருந்தது.

"ஆத்துல மொண்டது. எங்க வீட்டுக்குப் பின்னால. பக்கத்து வீட்டுப் பொம்பள இதுல பாப்பாத் துணியத் தொவச்சிருக்கா, சோப்பு நொரைன்னு நெனச்சிக்கிட்டு. என்னா காரணம்னு எழுதுனீங்க?"

அவரே புத்தகத்தைப் புரட்டினார். தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு படித்தவர். மலாய் நன்றாகவே வாசிப்பார்.

"வெள்ளிக்கெழம மழயா? எங்க வீட்டுல மொளகா காயப்போட்டிருந்தோம் லா." புத்தகத்தை மூடினார். "மழ மேல பழியப் போடாதீங்க கிராணி. மழைக்கி கையெழுத்து போடத் தெரியாது. போட்டது நீங்க."

பாட்டிலை எடுத்துக்கொண்டு போகவில்லை. அது என் மேசைமேலேயே இருந்தது. மூன்றாம் நாள் பொடியெல்லாம் அடியில் உட்கார்ந்து, மேல் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆடிப்போனது நான்தான். அதைத் தள்ளி வைக்கவும் முடியவில்லை, கொட்டவும் முடியவில்லை. கொட்டினால் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

வருடக் கடைசியில் நிஜ மழை வந்தது. நாலு நாளாக விடாத மழை. அந்த வாரம் பெரிய ஆர்டர் வேறு. காலையில் துத்தநாகம், மதியம் கந்தகம், மறுபடி துத்தநாகம் என்று மாற்றி மாற்றி ஓட்டியதில் மில்லைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் குளம் விளிம்புவரை வந்துவிட்டது. வால்வைத் திறக்கப் போன ஆள் திரும்பி ஓடிவந்தான். வால்வுச் சக்கரத்தில் மோட்டார் சைக்கிளைப் பூட்டுகிற சங்கிலியைச் சுற்றிப் பூட்டுப் போட்டிருக்கிறதாம்.

நானும் மேனேஜரும் போனோம். அக்கா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வால்வுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவருடைய மோட்டார்ச் சங்கிலிதான்.

"சாவி எங்க?" என்றார் மேனேஜர்.

"இருக்கு."

"எங்கன்னு கேட்டேன்."

"நான் கேக்குறதுக்கு நீங்க பதில் சொல்லுங்க, அப்பறம் நான் சொல்றேன். இதத் தொறந்தா எங்க போவுது?"

"அக்கா, மழ பெய்யுது. ஆறே கலங்கித்தான் போவுது. பத்து நிமிஷம். ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"கொளம் ஒடஞ்சா மொத்தமும் போவும். அது பரவால்லயா ஒங்களுக்கு?"

கேள்வி நியாயமானது. அக்கா அதற்குத்தான் காத்திருந்தவர் மாதிரி மில் கொட்டகையைக் காட்டினார். "கழுவுறத நிறுத்துங்க சார். காலையிலேருந்து மூணு தடவ கழுவியாச்சு. வெள்ளைக்கி அப்பறம் மஞ்ச, மஞ்சளுக்கு அப்பறம் வெள்ள, எதுக்கு? இன்னைக்கிப் பூரா வெள்ளையே ஓட்டுங்க. நாளைக்கிப் பூரா மஞ்ச. நடுவுல கழுவுறதுக்கு என் தோம்பு நாலு இருக்கு. கழுவாம இருந்தா கொளத்துல மழத்தண்ணி மட்டுந்தான் வுழும். அது ஒடைக்காது. நான் நிக்கிறேன், பாப்போம்."

மேனேஜர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "கட்டர் கொண்டாரச் சொல்லுங்க. புக்கு எடுங்க. கனமழைன்னு எழுதுங்க. இன்னைக்கி அது பொய்யில்லையே."

பொய்யில்லைதான். மழை என் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது. என் பிள்ளை அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தான், கார்த் தவணை பாக்கி இருந்தது. எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் ஞாபகம் வந்தது. வீரம் எல்லாம் ஒன்றும் இல்லை. அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. என்னிடமிருந்து எதையும் எதிர்பார்க்காதவர் மாதிரி குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குச் சுரீர் என்றது.

"மழைன்னு எழுதறேன் சார்" என்றேன். "வால்வத் தொறந்தோம்னும் எழுதறேன். யார் தொறக்கச் சொன்னாங்கன்னும் எழுதறேன். மூணையும் எழுதலாம்னா தொறங்க."

மேனேஜர் என்னை முறைத்தபடி மழையில் நின்றார். பிறகு போனை எடுத்து மில் கொட்டகைக்குக் கத்தினார். கழுவுறதை நிறுத்துங்கடா, வெள்ளையே ஓட்டுங்க. அக்கா கவிழ்த்து வைத்திருந்த தோம்புகளை நிமிர்த்தப் போய்விட்டார். குளம் உடையவில்லை. மூன்று நாள் கழித்து மழை விட்டபோது, விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது.

அந்த மாதக் கடைசியில் அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். கம்பெனிச் சொத்தைப் பூட்டிவைத்தது குற்றம் என்று கடிதத்தில் எழுதியிருந்தது. எனக்கு வந்தது ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். ஒரே மழையில், ஒரே வால்வுப் பக்கத்தில்தான் இரண்டு பேரும் நின்றோம். குளத்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போடச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டும், அது என்னிடம் இருந்தது. மில் கழுவ ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அன்று போய்க் கேட்டேனா என்றால், கேட்டேன். ஒருமுறை கேட்டேன். அதுவும் போதாது என்று எனக்குத் தெரியும்.

போகும்போது அக்கா வால்விலிருந்து சங்கிலியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "பூட்டு என்னோடது, எடுத்துட்டுப் போறேன். வால்வு ஒங்களோடது. பாத்துக்குங்க."

தோம்புகள் மட்டும் பேக்டரியிலேயே தங்கிவிட்டன. அவற்றில் கலக்குகிற மோட்டார் வைத்தேன். ஒவ்வொரு தோம்பையும் ஊற்றுகிற அன்றே சோதித்தேன். ஒரே சரக்கைத் தொடர்ந்து ஓட்டுவது, முதல் கழுவைப் பிடித்து வைப்பது என்று பழகிய பிறகு குளம் நிரம்புவது அரிதாகிவிட்டது, பொடிச் செலவும் குறைந்தது. கோலாலம்பூரிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்து, படம் வரைந்து, அதற்கு நாலு வார்த்தையில் ஓர் ஆங்கிலப் பெயர் வைத்துவிட்டுப் போனார். பச்சைப் பலகை அதற்குப் பிறகு வந்ததுதான். பால் ஸ்டோரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

அக்கா போன மூன்றாவது திங்கட்கிழமை, வாசலில் காவல் பார்க்கும் ஜாகா நிற்கிற கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரைச்சுவரில் ஒரு பாட்டில் இருந்தது. உள்ளே தண்ணீர். வெளியே பிளாஸ்திரி ஒட்டி, நாளும் நேரமும் எழுதியிருந்தது. அடுத்த திங்கட்கிழமையும் இருந்தது. எங்கள் வேலிக்கு வெளியே, லோங்காங் சாலைக்கடியில் நுழைகிற இடத்தில் மொண்டது. அது பொது இடம், யாரும் தடுக்க முடியாது. அக்கா காலையில் அடுத்த வேலைக்குப் போகிற வழியில் மோட்டாரை நிறுத்தி, மொண்டு, வைத்துவிட்டுப் போவாராம். நான் அதை எல்லோரும் பார்க்க எடுத்துக்கொண்டு போய்ச் சோதித்து, எவ்வளவு துத்தநாகம் இருக்கிறது என்று பிளாஸ்திரியில் எழுதி, மறுபடி சுவரிலேயே வைத்தேன். பாட்டில்கள் வரிசை கட்டின. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வரிசையைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.

ஏறக்குறைய ஒரு வருடம் போனது. ஒரு திங்கட்கிழமை பாட்டில் வெள்ளையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் யாரோ வால்வைத் திறந்திருக்கிறார்கள். காலை ஷிப்டுக்கு வந்தவர்கள் உள்ளே போகாமல் சுவர் முன்னால் நின்றுவிட்டார்கள். நானும் நின்றேன். மேனேஜரின் கார் வந்தது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தவர் இறங்கி வந்தார்.

ஜாகா மாமா போர்டிக்சன் ராணுவ முகாமில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வருகிறவர் எல்லோருக்கும் சலாம் வைப்பார், யார் வம்புக்கும் போக மாட்டார்.

"இதத் தூக்கி ஊத்துங்க மாமா. என்னா வேடிக்க இது" என்றார் மேனேஜர்.

"சரி சார்." மாமா பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடியைத் திருகினார். காலடியில் இருந்த லோங்காங்கைப் பார்த்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நிமிர்ந்து, ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், நிஜமாகவே தெரியாதவராகக் கேட்டார்.

"ஊத்துறேன் சார். எங்க ஊத்தறது?"

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் கை பாதி தூரம் லோங்காங் பக்கம் நீண்டது, அப்படியே நின்றது. நாற்பது பேர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அவரே பாட்டிலை வாங்கிக்கொண்டார். சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, பேக்டரியின் நீளம் முழுக்க நடந்துபோய், முதல் குளத்தில் ஊற்றினார். அந்த வாரமே வெல்டிங் செய்கிறவர்கள் வந்தார்கள். சிவப்பு வால்வு இப்போது இல்லை. குழாய் வாயில் கனத்த இரும்புத் தகடு இருக்கிறது.

அதற்குப் பிறகு லயத்துக்காரர்களுக்கு ஒருவழியாக வீடு கிடைத்தது. அக்கா அதை மகனுக்குக் கொடுத்துவிட்டு, கோலா பிலாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போக முடிவு செய்திருந்தார். கடைசித் திங்கட்கிழமை பாட்டிலோடு காத்திருந்தார். நானே வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தேன்.

"நல்லாத் தெளிவா இருக்கு, பாருங்க."

"தெளிவு கண்ணுக்கு லா, கிராணி. உள்ள கரைஞ்சிருக்குறது கண்ணுக்குத் தெரியுமா? சோதிச்சி எழுதிக் கொண்டாங்க, நிக்கிறேன்."

மோட்டாரில் சாய்ந்துகொண்டு நின்றார். ஜாகா மாமா கொடுத்த கோப்பியைக் குடித்தார். நான் எழுதிக்கொண்டு வந்து நீட்டினேன். சட்டம் சொல்கிற அளவுக்கு நன்றாகக் கீழே. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர் பிளாஸ்திரியை நெடுநேரம் பார்த்தார்.

"சைபர் இல்லையே."

"சைபர் வராதுக்கா. அளவுக்குள்ளதான் இருக்கு."

"அளவுக்குள்ள இருக்குறது எங்க போவுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சங்கிலியைக் கூடையில் போட்டு, மோட்டாரை உதைத்துக் கிளப்பிவிட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே இன்னும் நாலு தோம்புகளை உருட்டிக்கொண்டு வந்தேன். இரண்டாம் கழுவுக்கு. மேனேஜரைக் கேட்கவில்லை.